சுக்கு அழாத காலை

குன்றின்மேல் இருக்கும் கரட்டு மடத்துச் சாமிக்கு வயது கம்மி. அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் மகன் வயதுதான் இருப்பார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும். சில சமயம் பதிலுக்குப் பதிலாக அவரே கிளம்பி வந்துவிடுவார். அதுதான் வம்பு.

மயிலாத்தாள் அவருடைய பழைய சிஷ்யை. தலை நரைத்தவள். அமாவாசை தவறாமல் மடத்துக்கு வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவாள். அன்றைக்கு அமாவாசை இல்லை. ஆனி மாதத்தில் ஒரு சாதாரணக் காலை. சுக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். சுக்கு அவள் நாய். அதன் முன்னங்கால் நகங்களில் ரத்தம் உறைந்திருந்தது.

"கதவைப் பிறாண்டியிருக்குதுங்க சாமி."

"கதவைப் பூட்டினது யாரு?"

"நான்தானுங்க. வேலைக்குப் போகோணுமில்லீங்களா?"

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை அவளுக்கு. காலையில் வேனில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். லைன் வீட்டில் அவளும் சுக்கும் மட்டும்தான். அவள் வாசலைத் தாண்டியதும் சுக்கு ஊளையிட ஆரம்பிக்கும். அவள் திரும்பி வரும்வரை நிறுத்தாது.

"பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் நேத்து வந்தாருங்க. மில்லுல நைட் ஷிப்ட்டு. பகல்லதான் தூங்கோணும். சத்தம் போட்டுப் பேசியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாச் சொன்னாருங்க சாமி. 'அக்கா, தூக்கமில்லாம மெஷின்ல கையை விடப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கப்புறமும் கத்துச்சுன்னா, பிஸ்கட்டுல எதையாவது வெச்சிருவேன். என்மேல வருத்தப்படாதீங்க'ன்னு."

சொல்லிவிட்டு, சுக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மனுசன் சாமி. அதனாலதான் பயமா இருக்குது. சொன்னாச் செஞ்சிருவாரு. இதோட பயத்தை எப்படிங்க போக்கறது?"

சாமி நாயின் காலைப் பிடித்துப் பார்த்தார். மஞ்சளைக் குழைத்துத் தடவினார்.

"நாளைக்கு வர்றேன். நாயோட சேர்த்து என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போங்க."

"ஐயய்யோ! சாமியை வெச்சுப் பூட்டறதுங்களா? லைன் முழுக்கச் சிரிக்குமுங்க."

"சிரிக்கட்டும்."

மறுநாள் வந்தார். ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு சாமி!

மயிலாத்தாள் டிபன் டப்பாவை மூடினாள். சுக்குக்கு உடம்பு வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. சாவியை எடுத்தாள். அது கட்டிலுக்கு அடியில் போய் நுழைந்தது. அவள் குனிந்து அதை வெளியே இழுத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வந்தர்றேன்டா கண்ணு. அம்மா போயிட்டு வந்தர்றேன். பயப்படாதே. ஒண்ணும் ஆகாது. பயப்படாதே, என்ன? வந்தர்றேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். தெரு முக்குவரை போனவள் திரும்ப ஓடி வந்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, "வந்தர்றேன் கண்ணு!" என்றாள். வேன் ஹாரன் அடித்தது. உள்ளே ஊளை கிளம்பிவிட்டது.

அன்று முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. பிசிறு என்று நினைத்துத் தையலையே வெட்டிவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பொழுது சாய வந்து கதவைத் திறந்தாள். சுக்கு அவள் மேல் பாய்ந்தது. சாமி அதே மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அழுதுச்சுங்களா சாமி?"

"அழுதுச்சு."

"ரொம்பப் பயந்துருச்சுங்களா?"

"அது இருக்கட்டும். நான் பயந்துட்டேன்."

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். சாமி சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். நீங்க போன போக்கைப் பார்த்தா, இந்த வீட்டுக்கு என்னவோ வரப்போகுது, நம்மள மட்டும் விட்டுட்டுத் தப்பிச்சு ஓடறாங்கன்னு தோணுச்சு. ஜன்னல்ல கம்பி இல்லைன்னா நானும் குதிச்சிருப்பேன். பயப்படாதேன்னு எத்தனை தடவை சொன்னீங்க?"

"தெரியலைங்களே."

"அத்தனை தடவையும் பயந்தோம்."



சாமி செய்ய வேண்டியதைச் சொன்னார். சாவியை எடுக்கணும், எங்கேயும் போகக்கூடாது. டப்பாவைக் கட்டணும், உட்கார்ந்து டிவி பார்க்கணும். வெளியே போகணும், நாய் அழறதுக்கு முன்னாடி உள்ளே வந்துடணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டணும். அது பழகுகிறவரை, கம்பெனிக்குப் போகிற நேரத்தில் நாய் மடத்தில் இருக்கட்டும்.

"மடத்துலயே இருந்துரட்டுமே சாமி?"

"நான் வெளியே போனா?"

அவள் சுக்கின் காதைத் தடவினாள்.

"இன்னொண்ணு. போகும்போது ஒரு வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. வர்றேன், வந்தர்றேன், எதுவும் கூடாது."



"அது மட்டும் முடியாதுங்க."

"ஏன்?"

"எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டினாருங்க. எந்நாளும் வாசல்ல நின்னு 'வர்றேன் புள்ள'ன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. ஒருநாள் சோத்துல கல்லு கிடந்துச்சுன்னு சண்டை. நானும் வாயை மூடலைங்க. பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம வண்டியெடுத்துட்டுப் போனாரு. சேலம் தாண்டறதுக்குள்ள வண்டி கவுந்து எல்லாம் முடிஞ்சுபோச்சு. கோவத்துல போனாரே, இவ மூஞ்சியில இனி முழிக்கவே கூடாதுன்னு போனாரோ என்னவோன்னு இன்னைக்கு வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்குதுங்க. சொல்லாம என்னால வாசப்படி தாண்ட முடியாது சாமி."

சாமி எழுந்து செருப்பை மாட்டினார்.

"சரி, சொல்லிட்டே போங்க. பொன்னுரங்கமும் பிஸ்கட்டைப் பத்திச் சொல்லிட்டாரு."

இப்படியா பேசுவார் ஒரு குரு! மயிலாத்தாளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அன்றைக்கே சாவியை எடுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

சுக்கு முதலில் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கும். பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி நிச்சயமாக அப்படித்தான் நினைத்தாள். டப்பாப் பையோடு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக விடியற்காலையிலும் அந்தியிலும் இதே வேலை. நாளாக நாளாக, சாவிச் சத்தத்துக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை. எல்லாம் சரி. வாசற்படியில் கால் வைக்கும்போது மட்டும் 'வந்தர்' என்று நாக்கு புரண்டுவிடும். சுக்கு தலையைத் தூக்கிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

ஆடிப் பதினெட்டு வந்தது, போனது. மறுநாள் காலை குழாயடியில் பொன்னுரங்கம் எதிரே வந்தார், கண் சிவக்க, வேலை முடிந்து.

"அக்கா, இன்னைக்கு" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இனியும் மடத்தில் ஒளித்து வைக்காமல், இன்றைக்குச் சுக்கை வீட்டிலேயே விட்டுப் பார்ப்பதென்று மயிலாத்தாள் குடத்தைத் தூக்கினாள்.

சுக்கு படுக்கத் தன் பழைய சேலையைத் தரையில் விரித்தாள். டப்பாவைக் கட்டினாள். சாவியை எடுத்தாள். சுக்கு பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லிப் பழகிய வார்த்தை வந்துவிடாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வெளியே வந்தாள், பூட்டினாள், நடந்தாள்.

சத்தம் இல்லை.

முக்கு வந்தது. அப்போதும் சத்தம் இல்லை. வேன் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தாள்.

ஏன் சத்தம் இல்லை?

பிஸ்கட். பின்பக்க ஜன்னல் திறந்துதானே கிடக்கிறது! காலையில் எழுந்து அதை மூடினாளா? மூடவில்லை. அவர் 'இன்னைக்கு' என்றாரே!

"நீ போப்பா, நான் வரலை!" என்று டிரைவரிடம் கத்திவிட்டு ஓடினாள். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. பொன்னுரங்கத்தின் கதவு சாத்தியிருந்தது. சாவி பூட்டுக்குள் நுழைய மாட்டேன் என்றது. கடவுளே, கடவுளே என்று முனகிக்கொண்டே திறந்தாள்.

சேலைமேல் சுக்கு ஒருக்களித்துக் கிடந்தது. அவள் வாசலிலேயே நின்று அதன் வயிற்றையே பார்த்தாள். வயிறு மேலே வந்தது. கீழே போனது. சுக்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, வாலால் தரையை ஒரு தட்டுத் தட்டியது, கண்ணை மூடிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னுரங்கத்தின் குறட்டை கேட்டது.

திரும்பப் பூட்டினாள். ஒற்றைச் செருப்போடு கரடு ஏறினாள். அப்போதும் பின்னால் சத்தம் வரவில்லை.

சாமி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அழலைங்க சாமி. அது தூங்குது. பொன்னுரங்கமும் தூங்கறாருங்க."

"நல்லது. அப்புறம் ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"சொல்லாமப் போயிட்டேனே சாமி! வழியில எனக்கு ஏதாவது ஆயிருந்தா? அம்மா கோவத்துல விட்டுட்டுப் போயிட்டான்னுதானே அது நினைச்சிருக்கும்?"

"கோவமாவா போனீங்க?"

"ஐயோ, இல்லைங்க."

"திரும்பி வரக்கூடாதுன்னு போனீங்களா?"

"என்னங்க சாமி கேக்கறீங்க! இன்னைக்கு மட்டும் தப்பிச்சுட்டா, சாயங்காலம் அதுக்கு ஈரல் வாங்கிட்டு வந்து ஆக்கிப் போடோணும்னு நினைச்சுக்கிட்டே போனேனுங்க."

"அதை அதுகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

சாமி குடத்தைக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுக்காரரும் அன்னைக்கு எதையோ வாங்கிட்டு வரணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் போயிருப்பாரு. சொல்லலை, அவ்வளவுதான்."