உயிலின் மூன்றாவது வரி

"மேடம், நான் யார் பேச்சைக் கேக்கணும்? எட்டு வருஷத்துக்கு முந்தி நீங்க எழுதினதையா, இன்னைக்கு நீங்க சொல்றதையா?"

கோமதிநாயகம் கேட்டார்.

எஸ்தர் தங்கபுஷ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிலில் இரண்டு தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். மூச்சு கொஞ்சம் இரைத்தது.

"சாப்டியா தம்பி?" என்றார்.

கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்தொன்று. மருத்துவக் கல்லூரியில் அறவியல் பேராசிரியர். மூளை, மனம், நோயாளியின் சம்மதம், இந்த மூன்றும்தான் அவருடைய பிழைப்பு. ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் சிக்கல் வந்தாலும் கமிட்டியில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஊரார் வீட்டுத் துக்கத்துக்கெல்லாம் ஒரு பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வருவார்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இன்று வந்திருந்தது.

அவருக்குத் தத்துவம் சொல்லிக் கொடுத்தவர் எஸ்தர் மேடம். மனம் என்றால் என்ன என்று முப்பத்திரண்டு வருஷம் பாடம் எடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை குட்டி இல்லை. அறுபத்தாறு வயதில் ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியை மறந்தார். மறுவாரம் டாக்டரைப் பார்த்தார். அதற்கும் மறுவாரம் ஒரு உயில் எழுதினார்.

சொத்து உயில் இல்லை, உடம்பு உயில். தனக்கு நினைவு போன பிறகு தன் உடம்பை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று. முடிவு எடுக்கும் பொறுப்பைக் கோமதிநாயகத்திடம் கொடுத்தார்.

"நீ குழப்பிக்கிடக் கூடாதுன்னு தமிழ்லயே எழுதிருக்கேன்," என்றார் அன்றைக்கு. "நாலே வரி. அடிக்குறிப்பு கூடக் கிடையாது."

அந்த நாலு வரி இப்போது கோமதிநாயகத்தின் மடியில் இருந்தது.

நேற்று மேடத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. காலையில் டாக்டர் சிந்தாமதார் வந்து பார்த்தார்.

"நிமோனியா. ஆஸ்பத்திரில சேத்து ஊசி போட்டா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு," என்றார். "அந்த உயில்படி செய்யணும்னா இங்கயே வச்சு, வலி தெரியாமப் பாத்துக்கிடுவோம். மூணு மணிக்குள்ள சொல்லுங்க சார். அதுக்கு மேல போனா நாம முடிவு பண்ண வேண்டிய அவசியமே இருக்காது."

மணி ஒன்றே முக்கால்.

"சாப்பிட்டேன் மேடம்," என்று கோமதிநாயகம் பொய் சொன்னார்.

"என்ன சாப்ட்ட?"

அவர் விழித்தார். எஸ்தர் மேடம் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வடிவு ஓடி வந்து முதுகைத் தடவினாள்.

செண்பகவடிவு நாலு வருஷமாக மேடத்தைக் கவனித்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ஒரே கேள்விக்கு நாற்பது தரம் பதில் சொல்வது எல்லாம் அவள்தான். உயிலைப் பற்றி அவளிடம் இன்று காலையில்தான் சொன்னார்கள். அதிலிருந்து கோமதிநாயகத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"சார், ஒண்ணு கேக்கேன்," என்றாள் இப்போது. "இவங்களுக்கு என்ன குறை?"

"யாரையும் தெரியலையேம்மா. தன் பேரே தெரியலை."

"எனக்குத் தெரியுதே அவங்க பேரு. காலையில காய்ச்சலோட ரெண்டு இட்லி சாப்ட்டாங்க. கருப்பட்டி மிட்டாய் கேட்டாங்க. ஜன்னல்ல அணில் வந்துச்சு, அதுக்குப் பாதி குடுத்தாங்க. பொழுதன்னைக்கும் சிரிப்பு. எங்க வீட்டுல யாரும் இவ்வளவு சந்தோசமா இல்ல சார்."

கோமதிநாயகத்துக்குத் தெரிந்த எஸ்தர் மேடம் இனிப்பைத் தொடமாட்டார். வருஷத்துக்கு இரண்டு தரம் சிரிப்பார். இரண்டும் யாராவது மாணவன் வாய்மொழித் தேர்வில் உளறும்போது.

இதைப் பற்றித்தான் கோமதிநாயகம் புத்தகமே எழுதியிருந்தார். தெளிந்த மனம் எழுதியதைத் தெளிவில்லாத மனம் அழிக்க முடியாது என்பது அதன் சாரம். முந்தைய ஆளின் வார்த்தைக்கே மரியாதை. பிந்தைய ஆளின் சிரிப்பு வெறும் சிரிப்பு. அடுத்த மாதம் சிங்கப்பூரில் இதையே பேசப் போகிறார். விமான டிக்கெட் கூட வந்துவிட்டது.

புத்தகம் எழுதும்போது அணில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"மேடம்," என்றார் மறுபடி. "இதைப் படிச்சுக் காட்டட்டுமா?"

"என்னது?"

"ஒருத்தங்க எழுதினது."

"குடு, நானே படிக்கேன்."

படிப்பு மட்டும் அவருக்கு இன்னும் போகவில்லை. படித்தது நிற்காது, ஆனால் படிப்பார். பால் பாக்கெட்டில் இருப்பதைக்கூட விடமாட்டார்.

கோமதிநாயகம் தாளைக் கொடுத்தார். ஒருவரின் கையில் அவருடைய மரணத்தையே கொடுத்துவிட்டு, என்ன செய்கிறார் என்று வேடிக்கை பார்க்கிறோமே என்று வெட்கப்பட்டார். ஆனாலும் பார்த்தார். ஆராய்ச்சிக்காரன் புத்தி எங்கே போகும்?

எஸ்தர் மேடம் தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது.

முதல் வரி: என் பெயர் எனக்கு மறந்து, என் மாணவர்களை எனக்கு அடையாளம் தெரியாமல் போன பிறகு, எனக்கு நோய் வந்தால் மருந்து கொடுத்து நீட்டிக்க வேண்டாம்.

இரண்டாவது வரி: அந்த நிலையில் இருப்பவள் நான் அல்ல.

மூன்றாவது வரி: அவளுக்குச் சந்தோஷம் என்று எதுவும் இருக்காது.

நாலாவது வரி: கோமதிநாயகம் தயங்கக் கூடாது.

படித்து முடித்தார். கையை நீட்டினார்.

"பேனா."

விடைத்தாள் திருத்தும் மாதம். கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் இருந்தது சிவப்புப் பேனா ஒன்றுதான். அதைக் கொடுத்தார்.

எஸ்தர் மேடம் மூன்றாவது வரியின் கீழே கோடு இழுத்தார். ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

ஆதாரம்?

அந்த வார்த்தையைக் கோமதிநாயகம் இருபது வயதிலிருந்து அறிவார். அவருடைய ஆய்வேட்டில் மட்டும் மேடம் கையெழுத்தில் அது நூற்றுப் பதினாலு இடத்தில் இருந்தது. ராத்திரி தூக்கத்தில்கூட வந்து கேட்கும்.

ஆனால் உடனே சுதாரித்துக்கொண்டார். கைப்பழக்கம் வேறு, மனம் வேறு. அவர் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதுதான். திருத்தித் திருத்தித் தேய்ந்த கை, தாளைக் கண்டால் திருத்தத்தான் செய்யும். பழைய தையல்காரர் காற்றில் ஊசி கோப்பதில்லையா?

சோதித்துப் பார்த்துவிடலாம்.

"வடிவு, வேற ஏதாவது எழுதின தாள் இருக்கா?"

"எதுக்கு?"

"குடும்மா."

அவள் அடுக்களையிலிருந்து மளிகைச் சீட்டைக் கொண்டுவந்தாள். மேடம் அதையும் அதே அக்கறையோடு படித்தார். எதையும் அடிக்கவில்லை, கோடு போடவில்லை.

"இது சரியா இருக்கு," என்றார். "பெருங்காயம் மட்டும் விட்டுப்போச்சு."

கோமதிநாயகம் எழுந்தே நின்றுவிட்டார். அப்படியானால் இது பழக்கம் இல்லை! தாளுக்குத் தாள் வித்தியாசம் தெரிகிறது! அடுக்களையில் என்ன இல்லை என்பதுகூடத் தெரிகிறது!

"பெருங்காயம் தீந்துபோச்சா?" என்று வடிவிடம் கேட்டார்.

"டப்பா நிறைய இருக்கு சார்."

அவர் உட்கார்ந்தார்.

தன்னுடைய கட்டுரை ஒன்று பையில் இருப்பது ஞாபகம் வந்தது. சிங்கப்பூரில் படிக்கப் போவது. அதன் முதல் பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார். எஸ்தர் மேடம் பாதிவரை படித்தார். இரண்டு பத்தியைக் குறுக்கே அடித்தார். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தூக்கம் வருது," என்றார்.

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

கோமதிநாயகமும் அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். சோதனையில் ஒன்றும் தேறவில்லை. பழக்கமா, மனமா? முப்பது வருஷம் இந்தக் கேள்வியை விற்றுத்தான் வீடு கட்டினார், மகளைப் படிக்க வைத்தார். இப்போது கேள்வி எதிரில் உட்கார்ந்து இருமுகிறது.

போன் அடித்தது. டாக்டர் சிந்தாமதார்.

"சார், மணி ரெண்டரை."

"ஒரு பத்து நிமிசம் டாக்டர்."

"பத்துக்கு மேல ஆகக்கூடாது."

போனை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். இனிமேல் சோதிக்கக்கூடாது என்று தோன்றியது. மாணவனாக இருந்தபோது எப்படி உட்கார்வாரோ அப்படி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேடம், இதை எழுதினது யாருன்னு தெரியுதா?"

மேடம் உயிலை மறுபடி கையில் எடுத்தார். தான் போட்ட சிவப்புக் கோட்டையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நல்ல கையெழுத்து," என்றார். "யாரு?"

"என் டீச்சர். ரொம்பக் கெட்டிக்காரங்க. அவங்களை மாதிரி யோசிக்க இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது."

"அப்படியா?" என்றார் மேடம், உண்மையான ஆச்சரியத்தோடு. தாளை இன்னொரு தரம் மெதுவாகப் படித்தார். பிறகு அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"பாவம். பயந்துபோயி எழுதிருக்கா."

கோமதிநாயகம் குனிந்து தாளைப் பார்த்தார்.

எட்டு வருஷம். இந்த நாலு வரியை வைத்து அவர் இரண்டு கட்டுரை எழுதிவிட்டார். தெளிவு என்று எழுதினார், துணிச்சல் என்று எழுதினார், தன்னாட்சி என்று எழுதினார். பயம் என்ற வார்த்தை ஓரிடத்திலும் இல்லை. அன்றைக்கு உயிலை நீட்டியபோது மேடத்தின் கை நடுங்கியது. அது நோயின் அறிகுறி என்று குறித்து வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை, பயமா இருக்கா மேடம் என்று, கேட்கவில்லை.

கண்ணில் நீர் முட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

"இப்ப என்ன செய்யட்டும் மேடம்? அவங்க சொன்னதைச் செய்யவா?"

"ஏன் அழுத?"

"சொல்லுங்க மேடம்."

"அவகிட்ட கொண்டுபோய்க் குடு. மூணாவது வரி சரியில்ல. விசாரிச்சு, மறுபடி எழுதிட்டு வரச் சொல்லு."

"அவங்களால இப்ப எழுத முடியாது மேடம்."

"மெதுவா எழுதட்டும்," என்றார் எஸ்தர் தங்கபுஷ்பம். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "என்ன அவசரம்? நான் எங்க போகப்போறேன், இங்கதான இருக்கேன்."

வடிவு வாசலில் நின்று கோமதிநாயகத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனை எடுத்தார்.

"டாக்டர், ஆம்புலன்ஸ் அனுப்புங்க."



"சார், அப்போ அந்த உயிலு?"

"மேடமே திருப்பி அனுப்பிட்டாங்க டாக்டர். இன்னும் ஏத்துக்கிடல."