பீரோவுக்குள் வளர்ந்த பயறு

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்குப் பதிந்துவிட்டு, இருபத்தெட்டு வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் ஞானமுத்து. தலை நரைத்த பிறகுதான் அந்தத் தொடக்கப் பள்ளிக்கு வேலை உத்தரவு வந்தது. வந்த அன்றே நான்காம் வகுப்பு ஜெபசீலி டீச்சரிடம் போய் நின்றார்.

"சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படிச் சொல்லிக்கொடுக்கன்னு எனக்கு நீங்கதான் சொல்லித் தரணும் டீச்சர்."

வயது குறைந்தவரிடம் கூச்சமில்லாமல் கேட்டார். அதற்காகவே அவரை யாருக்கும் பிடித்துப்போகும்.

"கூடவே இருந்து பாருங்க சார்" என்றார் டீச்சர்.

அந்த வாரம் பிள்ளைகள் இரண்டு டம்ளரில் ஈரப் பஞ்சு வைத்துப் பச்சைப்பயறு போட்டார்கள். ஒன்று ஜன்னலில். ஒன்று பீரோவுக்குள். தினமும் அளந்து எழுதும் பொறுப்பு இசக்கியம்மாளுக்கு. ஒன்பது வயதுப் பிள்ளை, ஸ்கேலை யாரிடமும் கொடுக்க மாட்டாள்.

ஆறாம் நாள் அவள் எழுதினாள்: ஜன்னல், 7 செ.மீ. பீரோ, 15 செ.மீ.

சீடருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூரிய ஒளி இல்லாமல் செடி வளராது என்று பாடப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மறுநாள் கல்வி அதிகாரி பார்வைக்கு வருகிறார். ஞானமுத்துவின் தகுதிகாண் பருவம் முடிந்ததென்று கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

எல்லோரும் போன பிறகு, சீடர் பீரோ டம்ளரை எடுத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அந்த இடத்தில் முளைக்காத பயறு போட்ட வேறு டம்ளரை வைத்தார். இசக்கியின் நோட்டில் இருந்த பதினைந்தையும் ரப்பரால் அழித்தார். பள்ளிக்கூடத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் மனுஷன் நினைத்தார்.

காலையில் அதிகாரி வந்தார்.

"செடி வளர என்னம்மா வேணும்?"

இசக்கி எழுந்தாள். "தண்ணி வேணும் சார். வெளிச்சம் வேணுமான்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்கோம். இருட்டுல வச்சதுதான் நெட்டையா வளந்துருக்கு."

"என்னது?"

அவள் ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"இது எங்க டம்ளர் இல்ல சார். எங்கதுல விளிம்பு நசுங்கிருக்கும்." நோட்டைப் பிரித்தாள். "பதினஞ்சுன்னு எழுதிருந்தேன். யாரோ அழிச்சிட்டாங்க."

அழித்த இடத்தை அதிகாரியிடம் காட்டினாள்.

அந்தப் பிள்ளையைப் பொய் சொல்கிறவளாக நிற்கவிட ஞானமுத்துவுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் சார் மாத்துனேன். நான்தான் அழிச்சேன்."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க. இந்த ஸ்கூல்ல பொறுப்பான ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அங்கேயே ஞானமுத்துவின் தகுதிகாண் தாளில் கையெழுத்துப் போட்டார். பார்வைப் பதிவேட்டை இழுத்து, 'நான்காம் வகுப்பில் அறிவியல் தவறாகக் கற்பிக்கப்படுகிறது' என்று எழுதி டீச்சரிடம் நீட்டினார்.

"பாத்ததுக்கு அடையாளமா ஒரு கையெழுத்துப் போடுங்க."

டீச்சர் ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி வாங்கிப் படித்தார். 'மாணவி அளந்து பார்த்தாள். அதிகாரி அளந்து பார்க்கவில்லை.'

"டீச்சர், இதுக்கு மெமோ வரும்."

"வரட்டும் சார்."

"இந்த வரிய அடிச்சிடுங்க."

"பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்காங்க சார்."

அதிகாரி பதிவேட்டைப் பட்டென்று மூடிவிட்டுப் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

சீடர் வெளியே போய், விளிம்பு நசுங்கிய டம்ளருடன் திரும்பி வந்தார். உள்ளே முளைகள் வெளிறி, தலை சாய்ந்து கிடந்தன.

"வெளிச்சத்துல பாத்தா மஞ்சளா இருக்கே" என்றாள் இசக்கி. "நிமிந்து நிக்கவே இல்ல. ஏன் டீச்சர்?"

"உனக்கு என்ன தோணுது?"

"தெரியல. இன்னும் நாலு நாள் பீரோவுல வச்சுப் பாக்கணும்." டம்ளரை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

சீடர் குருவின் மேசைக்கு அருகே வந்தார்.

"நாலு நாள்ல அது செத்துரும் டீச்சர். கடைசியில புத்தகத்துல இருக்கிறதுதானே வரப்போகுது?"

"ஆமா."

"அத இன்னைக்கே சொல்லிருந்தா உங்களுக்கு மெமோ இல்லையே."

டீச்சர் இசக்கியின் நோட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"தப்பு பண்ணுன எனக்குப் பாராட்டு, உங்களுக்கு மெமோ. எனக்கு உடம்பெல்லாம் கூசுது. நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

டீச்சர் நோட்டைப் பிரித்து, ரப்பர் தேய்த்து மெலிந்துபோன இடத்தில் ஒரு பேனாவை வைத்து அவரிடம் நீட்டினார்.

"முதல்ல அந்தப் பதினஞ்சு. அப்புறம் தினமும் அவ அளந்து சொல்லுவா. நீங்க எழுதுங்க சார்."