வாயில்லாத உயிர்

மடத்துக்குப் பெண்ணாடத்தில் ஒரு கிளை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் காலமானதும், அந்த இடம் தனக்குத்தான் என்று கொளஞ்சி நினைத்துக்கொண்டார்.

நினைத்ததில் தப்பில்லை. மீசை கறுப்பாக இருந்தபோது மடத்துக்கு வந்தவர். இப்போது தலையில் கறுப்பு மயிர் தேடினாலும் கிடைக்காது. மடத்தின் தலைவரான சாமி சாப்பிட்டு எழுந்த இலையில் மிச்சத்தை உண்பது அங்கே மூத்த சீடனின் உரிமை. இத்தனை வருஷமும் அந்த இலைக்கு முன் உட்கார்ந்தவர் அவர்தான். தனக்கென்று ஓர் இலை போட்டு ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை.

இடம் திருமேனி என்ற சீடனுக்குப் போயிற்று. நேற்று வந்தவன். சாமி வாயைத் திறந்தால் "அதெப்படி?" என்று குறுக்கே பேசுகிறவன்.

கொளஞ்சி சில நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், சமையல்கட்டுக்குப் பின்னால் சாமி குப்பைக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

"எனக்கு ஏன் தரலை, சாமி?"

பெண்ணாடத்தில் நீ பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா என்று சாமி கேட்டார்.

இருந்தது. அந்தப் பெரியவரின் குருபூசைக்குக் கொளஞ்சியைத்தான் பேச அனுப்பினார்கள். கண்ணை மூடிக்கொண்டு பேசினார். சாமியின் பேச்சு அப்படியே வந்தது. சாமி நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சாமி இருமும் இடத்தில் இருமினார். "நான் ஒத்தைப் பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அந்தத் தனிமைதான் என்னை இந்த வழிக்குத் தள்ளியது" என்று உருகிச் சொன்னார். அது சாமியின் கதை. முன்வரிசையில் கொளஞ்சியின் அக்கா தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். தம்பி பேசுகிறான் என்று கேள்விப்பட்டுப் பஸ் பிடித்து வந்தவள். கூட்டம் முடிந்ததும், "அப்ப நான் யாருடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அந்த ஊரில் இப்போதும் யாராவது இருமினால், கொளஞ்சி பேச ஆரம்பித்துவிட்டார் என்று சிரிக்கிறார்களாம்.

ஒருமுறை சறுக்கியதற்கா இவ்வளவு என்றார் கொளஞ்சி.

சாமி குழிக்குள் குனிந்தார். மண்வெட்டியில் அறுபட்டு நெளிந்த மண்புழு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். துறவு வாங்குவதற்கு முன் அவர் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். அந்தக் காலத்து மைக்ரோஸ்கோப் ஒன்று அவரோடு மடத்துக்கு வந்திருந்தது. புழுவின் குடலிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி வைத்து, பார்க்கச் சொன்னார்.

கொளஞ்சி குனிந்து பார்த்தார். நீள உருண்டையாக, உடம்பெல்லாம் மயிரோடு ஏதோ ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு செல். அவ்வளவுதான் அதோட உடம்பு. வாய் எங்கே இருக்குன்னு பாரு."

தேடினார். காணவில்லை.

இதன் பங்காளிகள் குளத்திலும் குட்டையிலும் இருக்கின்றன, அவற்றுக்கெல்லாம் வாய் உண்டு என்றார் சாமி. இதன் முன்னோருக்கும் இருந்தது. அலைந்து திரிந்து, கண்டதைப் பிடித்து விழுங்கிப் பிழைத்த கூட்டம். எந்தக் காலத்திலோ ஒரு புழு மண்ணோடு சேர்த்து அவற்றில் சிலவற்றை விழுங்கிவிட்டது. சாகாமல் தப்பியவற்றைச் சுற்றிப் புழு செரித்து வைத்த சாறு. அது தோல் வழியாகவே உள்ளே இறங்கியது. வாய் சிறுத்துப் பிறந்தவற்றுக்கும் அங்கே ஒரு குறையும் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் இல்லாமலே போயிற்று.

"போறப்ப அதுக்குத் தெரியலையா?"

"பசிச்சாத்தானே தெரியும்."

மறுபடி குளத்தில் விட்டால் என்ன ஆகும் என்று கொளஞ்சி கேட்டார். சாமி தோட்டத்துக் குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் விட்டு, நகர்ந்துகொண்டார்.

குட்டையிலிருந்து வந்த ஒன்று வாயைத் திறந்து எதையோ அள்ளிக்கொண்டு போயிற்று. வாயில்லாதது அதன் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உப்பியது. பிறகு அசையவில்லை.

கொளஞ்சி நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. அது தானாக உள்ளே போகவில்லையே, விழுங்கியது புழுதானே என்றார்.

சாமி ஆமாம் என்றார்.

"தனக்குள்ளேயே கிடந்து ஒரு உயிர் வாயில்லாமப் போகுது. அந்தப் புழு ஒரு தடவையாவது அதை நினைச்சுப் பாத்திருக்காதா, சாமி?"

சாமி தகட்டைக் கழுவி, துணியால் துடைத்தார்.

"உள்ளே அப்படி ஒண்ணு இருக்கிறதே புழுவுக்குத் தெரியாது" என்றார்.