காலி என்று எழுதிய குரங்கு

ஆனைக்கல் காட்டில் ஒரு சின்னக் குளம். அதில் குப்பம்மா என்கிற தவளையும் அவள் சனமும் குடியிருந்தார்கள். கோடையில் குளம் வற்றிவிட்டால் மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கிப் படுத்துக்கொள்வார்கள். முதல் மழை விழுந்தால்தான் எழுந்து வருவார்கள். இது காட்டில் எல்லோருக்கும் தெரியும். சிங்கராஜாவுக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் காட்டுக் கணக்கெடுப்பு வந்தது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற கணக்கு. எந்த மரத்தில் யார், எந்தப் பொந்தில் எத்தனை பேர், எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்த வேலை மாயாண்டி என்கிற குரங்குக்குக் கிடைத்தது.

"கவனமாக் கேட்டுக்கோ!" என்றார் சிங்கம். "யாரும் குரல் கொடுக்கலைன்னா 'பூட்டியிருக்கு'ன்னு எழுது. மூணு தடவை போய்ப் பாரு. அக்கம்பக்கத்தில் விசாரி. அப்புறமும் யாரும் இல்லைன்னாத்தான் 'காலி'ன்னு எழுதணும்!"

"ஆகட்டும் ராஜா!" என்றான் மாயாண்டி.

பழமரங்களில் கணக்கை அழகாகத்தான் எடுத்தான். மரத்துக்கு மரம் காவிக்கல்லால் நம்பர் போட்டான். நம்பர் போட்ட இடத்திலெல்லாம் நாலு பழமும் தின்றான். குளத்துக்கு வந்தபோது உச்சி வெயில். இறங்கினால் கால் சுடும். கரையிலிருந்த மருத மரத்தில் உட்கார்ந்தபடியே ஒரு சத்தம் போட்டான்.

"வீட்டில் யாரு?"

ஒரு முழம் மண்ணுக்குக் கீழே தூங்குகிறவளுக்கு அது எப்படிக் கேட்கும்?

"பூட்டியிருக்குன்னு எழுதினா இன்னும் ரெண்டு தடவை வரணுமே. யாரால ஆகும்!" என்று முணுமுணுத்தான். பதிவேட்டில் 'காலி' என்று எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டான்.

ஒரு நிமிஷச் சோம்பேறித்தனம்! அதை அனுபவித்தது யார் என்று பாருங்கள்.

அடுத்த வாரம் காட்டுத்தீயில் பன்றிகளின் புதர் எரிந்துபோனது. சிங்கம் பதிவேட்டைப் புரட்டினார். "குளம் காலியாத்தானே இருக்கு! பன்றிகளுக்குக் கொடுத்துடு!" என்று மாயாண்டியிடம் சொன்னார். பன்றிகள் வந்து மூக்கால் மண்ணைக் கிளறத் தொடங்கின. குப்பம்மா கண் விழித்தபோது பக்கத்தில் அவள் தங்கச்சி மிதிபட்டுச் செத்துக் கிடந்தாள்.

"ஐயோ பாவிகளா! இது எங்க வீடு!"

பன்றி பதறி விலகியது. "காலின்னுதானே தாயி சொன்னாங்க! நீங்க வேற எங்கேயோ போயிட்டீங்கன்னு நினைச்சோம்!"

குப்பம்மா சுடுகிற தரையில் தத்தித் தத்திக் குகைக்குப் போனாள். "ராஜா! எங்க குளத்தைத் திருப்பிக் கொடுங்க!"

சிங்கம் மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி பதிவேட்டைப் பிரித்தான். "தவளைன்னு இதில் ஒரு வரி கூட இல்லை ராஜா!"

"நான் கண்ணு முன்னாடி நிக்கிறேனேடா!"

"இங்க நின்னா போதுமா? ஏட்டில் நிக்கணும்!"

"அப்ப இப்பவே எழுது!"

"கணக்கு முடிஞ்சு போச்சு. அடுத்தது பத்து வருஷம் கழிச்சு. அப்ப வா!"

"பத்து வருஷமா? அதுக்குள்ள எங்க ஆயுசே முடிஞ்சிடுமேடா!"

சிங்கம் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். குளம் கூப்பிடு தூரம்தான். செத்துக் கிடந்தவளையாவது பார்த்திருக்கலாம். அவரோ, "ஏட்டில் இல்லாததுக்கு நான் என்ன செய்ய?" என்று கொட்டாவி விட்டார். ஒரு ராஜா பேசுகிற பேச்சா இது?

குப்பம்மா வந்த வழியே தத்தித் தத்தித் திரும்பினாள். முதல் மழை விழுந்த அன்றே சனத்தைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டாள்.

குளம் நிறைந்தது. கூடவே கொசுவும் வந்தது. பிடித்துத் தின்ன யாரும் இல்லை. குகைக்குள்ளும் புகுந்தது, பொந்துக்குள்ளும் புகுந்தது. குட்டிகள் எல்லாம் காய்ச்சலில் சுருண்டு படுத்தன. சிங்கத்தின் மூக்கு பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது.

"இந்தத் தவளைகள் எல்லாம் எங்கடா போச்சு?" என்று கத்தினார்.

மாயாண்டி பதிவேட்டைப் பிரித்தான். "எங்கேயும் போகலை ராஜா! நம்ம காட்டில்தான் தவளையே கிடையாதே! ஏட்டில் அப்படித்தான் இருக்கு."

சிங்கம் விட்ட அறையில் மாயாண்டி ஒரு பக்கமும் பதிவேடு ஒரு பக்கமும் போய் விழுந்தன. "போடா! அவ காலில் விழுந்தாவது கூட்டிக்கிட்டு வா!"

மாயாண்டி மலையேறி இறங்கி, குப்பம்மா புதிதாகக் குடியேறிய குளத்துக்குப் போனான். இந்தத் தடவை மரத்தில் உட்காரவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி நின்று கூப்பிட்டான். "குப்பம்மாக்கா! வீட்டில் யாரு?" பதில் இல்லை. மறுநாளும் போனான். அப்போதும் பதில் இல்லை. மூன்றாம் நாள் அழுதேவிட்டான்.

"அக்கா! உள்ளேதான் இருக்கீங்கன்னு தெரியும்! என் குட்டியும் காய்ச்சலில் கிடக்கு! வந்துடுங்கக்கா!"

அப்போதுதான் தண்ணீருக்குள்ளிருந்து குப்பம்மாவின் குரல் வந்தது.

"மூணு தடவை வந்துட்டே இல்ல? இங்க யாரும் இல்லை! 'காலி'ன்னு எழுதிக்கிட்டுப் போ!"

இருக்கிறவர்களை இல்லை என்று எழுதினால், நமக்குத் தேவைப்படும் நாளில் அவர்கள் இல்லாமலே போய்விடுவார்கள்.