பரண்மேல் பத்திரம்

தாராபுரத்தில் பன்னிரண்டு லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தார் நாச்சிமுத்து. அவற்றைக் கூட்டிப் பெருக்கி, வாசல் அறையில் தங்கிக் காவல் பார்த்தவள் மயிலாத்தாள். கூரை ஒழுகியதால் கடைசி வீடு மட்டும் நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

"ஓடு மாத்தச் சல்லிக்காசு தர மாட்டேன். ஒழுகுதுன்னு நீ வாயைத் திறக்கவும் கூடாது. இந்த மாசத்துக்குள்ள ஆள் வரலைன்னா உன் அறையைக் காலி பண்ணிடு" என்றார் அவர்.

மயிலாத்தாளுக்குப் போக வேறு இடமில்லை. "நான் சொல்லலைங்க" என்றாள்.

மறுவாரம் கைக்குழந்தையோடு ஒரு நர்ஸ் வீடு பார்க்க வந்தாள். பேங்குக்குக் கிளம்பிய நாச்சிமுத்து, பத்திரப் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி தானே வீட்டைக் காட்டினார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"மழைக்கு ஒழுகுமாங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"சொட்டுத் தண்ணி இறங்காது."

மயிலாத்தாள் பணிவாகச் சொன்னாள்: "மழை வருதுங்க ஐயா. பத்திரத்தை இந்தப் பரண்மேல வச்சிட்டுப் போங்க. நான் காவலுக்கு இருக்கறேனுங்க."

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இங்கயா? நனைஞ்சு கூழாயிடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "ஓடு மாத்திக் குடுங்க. கேட்ட வாடகைக்கே வர்றேன்."

பத்தே நாளில் ஓடு மாற்றியாயிற்று. பால் காய்ச்சிய அன்று நர்ஸ் முதல் டம்ளரை மயிலாத்தாளிடம்தான் நீட்டினாள்.