இழுத்துக்கொண்ட கால்

மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எடிட்டிங் அறை நாலு எட்டில் முடிந்துவிடும். அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார்.

அவர் தனியாகத் தொகுக்கும் முதல் படம். இரண்டு கல்குவாரி முதலாளிகள் நேருக்கு நேர் மோதும் காட்சி எடுபடவே இல்லை. சாயங்காலமும் இப்படியே இருந்தால் படம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல், தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அருள்செல்வியை மாசிலாமணி வரச் சொல்லியிருந்தார். குருவுக்கு இவரைவிட வயது குறைவு. அதனால் என்ன?

அருள்செல்வி வந்து உட்கார்ந்ததும் காட்சி ஓடியது. ஒரு முதலாளி கத்தினார். மற்றவர் அதைவிடக் கத்தினார். பாவம், மேசைதான் அடி வாங்கியது.

"யாரைப் பெரிய ஆளாக் காட்டணும் மேடம்? ரெண்டு பேரையும் ஏத்திப் பாத்துட்டேன். ஒண்ணும் நிக்கல."

"யார் யாருக்குப் பயப்படுறாங்க?"

"யாரும் பயப்படல. ரெண்டு நடிகருக்கும் அதுல பிடிவாதம்."

"வேண்டாம்னு ஒதுக்குனதைப் போடுங்க."

போட்டார். ஓரிடத்தில் அருள்செல்வி நிறுத்தச் சொன்னார். இளைய முதலாளி உள்ளே வருகிறார். காலை நீட்டி உட்கார்ந்திருந்த மூத்தவர் சட்டென்று காலை இழுத்துக்கொள்கிறார்.

"இதை ஏன் ஒதுக்குனீங்க?"

"பெரியவர் கெத்து குறையுதுன்னு."

அருள்செல்வி அதைக் காட்சியின் தொடக்கத்தில் சேர்த்தார். பின்னால் வந்த கத்தலைப் பாதிக்கு மேல் வெட்டினார். மறுபடி ஓடவிட்டபோது மாசிலாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சின்னவர் ஒண்ணுமே பண்ணலையே மேடம். எப்படிப் பெரிய ஆளானார்?"

அதற்குள் கதவு திறந்தது. தயாரிப்பாளர். மாசிலாமணி துள்ளி எழுந்தார். தயாரிப்பாளர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து காட்சியைப் பார்த்தார்.

"பிரமாதம். ஆனா அந்தக் கால் விஷயத்தை எடுத்துடு. பெரியவரா நடிச்சவர் கோச்சுக்குவார்."

மாசிலாமணி கைகட்டி நின்றார். எடுத்தால் காட்சி செத்துவிடும். எடுக்காவிட்டால் படம் கையைவிட்டுப் போகும். குருவைப் பார்த்தார்.

அருள்செல்வி எழுந்திருக்கவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல மாசிலாமணி. இவர் இப்ப என்ன பண்ணார்? கதவைத் திறந்தார். எந்திரிச்சது நீங்கதான்."

"சரி சார்" என்று சொல்ல வாயெடுத்த மாசிலாமணி, அதைச் சொல்லாமல் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.