சொன்னதும் எழுதியதும்

"நல்லது செஞ்சவளுக்கு இதுதான் பலனா சார்?" என்று கேட்டாள் தவமணி.

பேராசிரியர் நல்லசிவம் குரல் வந்த பக்கம் திரும்பினார். பக்கத்திலிருந்த நாற்காலியைக் கையால் துழாவி, அதன் முதுகைத் தட்டிக் காட்டினார். அவருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது.

"உக்காருங்கம்மா. யாரு என்ன செஞ்சாங்க?"

"எபி என்கிட்ட பேசமாட்டேங்கிறான். ரெண்டு வாரமா போன் எடுக்கல. வாசிக்கிற ரூமுக்கும் வரல. நேத்து நூலகத்துக்கிட்ட எதிர்ல வந்தான். 'எபி'ன்னு கூப்பிட்டேன். என் குரல் அவனுக்குத் தெரியாதா சார்? குச்சியைத் தட்டிக்கிட்டு அப்படியே போயிட்டான்."

எபினேசர் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவன். அவனுக்கும் பார்வை இல்லை. பாடப் புத்தகங்களில் பாதிக்கு மேல் பிரெய்லில் கிடைப்பதில்லை. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

அதற்காக வந்தவள்தான் தவமணி. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு மதிய நேரங்களை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவள், பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்த்து வந்து சேர்ந்தாள். நல்லசிவத்தைவிட அவளுக்கு வயது அதிகம். ஆனாலும் எது தெரியவில்லை என்றாலும் அவரிடம்தான் வந்து கேட்பாள்.

எபினேசருக்கு அவள் வாசித்தாள். தேர்வு வந்தால், தனி அறையில் அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"அவனுக்கு என்ன கோவம்?" என்று கேட்டார் நல்லசிவம்.

தவமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரயத்துவாரி கேள்வி சார்."

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. "அந்தப் பதிலை மறக்க முடியுமா?"

"அது அவன் சொன்ன பதில் இல்ல."

அவர் முகம் அப்படியே நின்றது.

"நான் எழுதினது" என்றாள் தவமணி.

*

அவள் சொல்லத் தொடங்கினாள்.

தேர்வுக்கு முந்தின வாரம் எபினேசருக்குக் காய்ச்சல். விடுதிக் கட்டிலில் போர்த்திப் படுத்துக்கொண்டே பாடம் கேட்டான். விடுதிக் காப்பாளரிடம் அனுமதி வாங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். நடுநடுவே அவன் தூங்கிப்போனான். அவள் நிறுத்தவில்லை. எழுப்பவும் மனசு வரவில்லை.

"தேர்வுல அந்தக் கேள்வி வந்துச்சு சார். ரயத்துவாரின்னா சர்க்கார் விவசாயிகிட்டயே நேரா வரி வாங்கறது. இவன் ரயத்துவாரின்னு ஆரம்பிச்சுட்டு, நடுவுல ஜமீன்தாரைக் கொண்டுவந்துட்டான். அது வேற முறை. எந்த இடத்துல தூங்கினான்னு எனக்குத் தெரியும். அங்கதான் வழுக்குது. எனக்குக் கை கேக்கல. சரியானதை எழுதிட்டேன்."

"அவன் சொன்னது?"

"அதை எழுதல."

வெளியே வராந்தாவில் யாரோ பெஞ்சை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

உதவியாளர் வாசிக்கக் கேட்டு அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போட்டவர் அவர்தான். திருத்திய தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, வகுப்பில் ஒரு மாணவியை அழைத்து அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னவரும் அவர்தான். வாசித்து முடித்ததும் வகுப்பே கைதட்டியது. "எபினேசர், எழுந்து நில்லுப்பா" என்றார். எபினேசர் எழுந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. பையனுக்கு என்ன அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சாயங்காலம் என்கிட்ட வந்தான்" என்றாள் தவமணி. "'அந்தப் பதில் எங்கிருந்து வந்துச்சுக்கா'ன்னு கேட்டான். நான் சிரிச்சேன் சார். எங்கிருந்து வந்தா என்ன, மார்க் உனக்குத்தானேன்னு சொன்னேன். எழுந்து போனவன்தான்."

"ம்."

"அந்த மார்க்கைத் தொட்டுடாதீங்க சார். அது போச்சுன்னா அந்தப் பேப்பர்ல அவன் ஃபெயில். அரியர் வச்சுக்கிட்டு ஆராய்ச்சிக்குச் சேர முடியாதாம். ஒரு வருஷம் வீணாப் போயிடும். அவங்க அப்பா தினம் போன் பண்ணிக் கேக்கறாரு. நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, போதும். அதுக்குத்தான் வந்தேன்."

"நான் எதுக்குப் பேசணும்?" என்றார் நல்லசிவம். "நீங்களே பேசுங்க."

"அவன்தான் போன் எடுக்கமாட்டேங்கிறானே."

"எழுதிக் குடுங்க."

"நான் எழுதினா அவன் எப்படிப் படிப்பான்?"

"நீங்க சொல்லுங்க. நான் பிரெய்ல்ல எழுதித் தரேன்."

*

மேசை இழுப்பறையிலிருந்து அவர் ஒரு கெட்டித் தாளை எடுத்தார். பிரெய்ல் எழுதும் சட்டத்துக்குள் அதைச் செருகி, ஊசியைக் கையில் பிடித்தார்.

"ம், சொல்லுங்க."

தவமணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு எபினேசர் எதிரில் இருப்பதுபோல் பேசினாள்.

"எபி, நான் தவமணிக்கா. நீ பேசாம இருக்கறது எனக்குத் தாங்கல. நான் செஞ்சது தப்புன்னு எனக்கு இன்னும் தோணல. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? ஆனா உனக்கு எங்கயோ வலிச்சிருக்குன்னு தெரியுது. எங்கன்னு நீயே வந்து சொல்லு. நாம விட்ட புத்தகம் பாதியில நிக்குது. நீ வராம அதைத் திறக்கவே பிடிக்கல."

ஊசி டொக்டொக்கென்று தாளைக் குத்திக்கொண்டே போனது. அவள் பேச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குத்தியது.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது. வாசிக்கிறேன், கேளுங்க."

அவர் தாளை உருவித் திருப்பிப் போட்டு, புள்ளிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"'அன்புள்ள எபினேசருக்கு. நான் பெரும் தவறு செய்துவிட்டேன். அதை எண்ணி எண்ணி வருந்துகிறேன். நீ நான் பெறாத பிள்ளை. உன் மௌனம் என்னை வாட்டுகிறது. என்னை மன்னித்து, மீண்டும் என்னோடு பேசுவாய் என்று காத்திருக்கிறேன். இப்படிக்கு, உன் அன்பு அக்கா தவமணி.'"

தவமணிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை.

"அழகாத்தான் இருக்கு சார்" என்றாள் மெதுவாக. "ஆனா நான் இதைச் சொல்லலையே."

"கிட்டத்தட்ட இதுதானே?"

"இல்ல சார். தப்புன்னு தோணலன்னு சொன்னேன். நீங்க பெரும் தவறுன்னு எழுதியிருக்கீங்க."

"அப்படிச் சொன்னாத்தான் அவன் மனசு இளகும்."

"எங்க வலிக்குதுன்னு கேட்டேனே, அது எங்க சார்?"

"அது கொஞ்சம் கோர்வையா இல்ல. விட்டுட்டேன்."

"புத்தகம்?"

"அதுவும்தான்."

தவமணிக்கு முகம் சூடேறியது. அவரிடம் அவள் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போது குரல் தானாக ஏறியது.

"எனக்குப் பேசத் தெரியாதுன்னு நினைச்சுட்டீங்களா சார்? அவன் அதைப் படிச்சிட்டு வந்து என் கையைப் பிடிச்சா, யாரு பேசினதுக்குப் பிடிக்கிறான்? நான் அங்க எதுக்கு?"

"உங்க நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்" என்றார் நல்லசிவம்.

அவள் மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள்.

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அவள் கையை நீட்டி அதை எடுத்தாள். சின்னச் சின்ன மேடுகள். விரலால் தடவிப் பார்த்தாள். எந்த மேடு எந்த எழுத்து, ஒன்றும் தெரியவில்லை. அவர் வாசித்ததுதான் அதில் இருக்கிறதா, அவள் சொன்னது இருக்கிறதா, வேறு எதுவோ இருக்கிறதா, தெரிந்துகொள்ள அவளுக்கு வழி இல்லை.

ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

நல்லசிவம் காத்திருந்தார். பிறகு அவள் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கி, இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"அவனை எழுந்து நிக்க வேற வச்சீங்களே சார்" என்றாள் தவமணி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஆமாம்மா. வச்சேன்."

*

சற்று நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுத்தா என்ன ஆகும்?"

"அந்தப் பேப்பர் ரத்தாகும். அடுத்த தேர்வுல அவன் திரும்ப எழுதணும். நீங்க இனிமே யாருக்கும் தேர்வு எழுதப் போக முடியாது. அதுக்கு மேல என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியல. விசாரணைன்னு கூப்பிடலாம்."

"அவன் வருஷம்?"

"போகலாம்."

தவமணி கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மேசையின் ஓரத்தில் வைத்து எழுதினாள். நிறைய அடித்தாள், திரும்ப எழுதினாள். எழுதி முடித்ததும் நல்லசிவத்துக்கு வாசித்துக் காட்டினாள். தேர்வறையில் தான் செய்தது முழுவதும் அதில் இருந்தது. கடைசி வரி, 'எபினேசருக்கு இது எதுவும் தெரியாது' என்பது.

"நானும் வரேன்" என்று எழுந்தார் நல்லசிவம். "கைதட்ட வச்சவன் நான்."

அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் எதிர்க் கட்டடத்தின் மாடியில் இருந்தது.

அலுவலக வாசலில் ஒரு மரப்பெஞ்சு. அதில் எபினேசர் உட்கார்ந்திருந்தான். மடித்த குச்சி மடியில் கிடந்தது.

தவமணியின் நடை நின்றது.

"என்னம்மா?" என்றார் நல்லசிவம்.

"எபி" என்றாள் அவள்.

அவன் சட்டென்று எழுந்தான். "அக்கா."

"நீ ஏம்ப்பா இங்க வந்த?"

"சொல்லிடலாம்னு வந்தேன். எதா இருந்தாலும் எழுத்துல குடுங்கன்னு சொல்லிட்டாங்க. யாராவது இந்தப் பக்கம் வந்தா எழுதித் தரச் சொல்லலாம்னு உக்காந்திருக்கேன்."

"நீ ஒண்ணும் குடுக்க வேணாம். நானே எழுதிக் கொண்டுவந்துட்டேன். சாரும் வந்திருக்காரு. நான்தான் பண்ணினேன், உனக்கு எதுவும் தெரியாதுன்னு தெளிவா எழுதியிருக்கேன்."

"அதை எடுத்துடுங்கக்கா."

"எதை?"

"எனக்குத் தெரியாதுங்கறதை."

"அதுதானப்பா உண்மை?"

எபினேசர் தலையசைத்தான், இல்லை என்று. குச்சியை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்த ரூம்ல நாம ரெண்டு பேருதான்கா. மேற்பார்வைக்கு வந்தவரு வெளிய நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தாரு. அன்னிக்கு ஃபேன்கூட ஓடல. எனக்கு மேல ஒண்ணும் தெரியலன்னு நான் நிறுத்திட்டேன். உங்க பேனா நிக்கல. ஓடிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்தைத் திருப்பினீங்க. திரும்ப ஓடுச்சு. எனக்குக் கேட்டுச்சு."

தவமணி பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எழுதறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான் அவன். "கேக்கல. அது நிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். உங்ககிட்ட பேசாம இருந்தது கோவத்துல இல்லக்கா."

நல்லசிவம் அவள் முழங்கையிலிருந்து கையை எடுத்தார். சுவரைத் தடவிக்கொண்டே நாலடி தள்ளிப் போய், அவர்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

அவள் தன் தாளை விரித்து, கடைசி வரியை அடித்தாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் ஒரு புதுத் தாளை வைத்துக்கொண்டாள்.

"சொல்லுப்பா."

அவன் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். சில இடங்களில் திக்கினான். ஒரு வாக்கியம் பாதியில் அறுந்து வேறு பக்கம் போனது. அவள் அதையும் அப்படியே எழுதினாள்.

அவன் நிறுத்தினான்.

அவள் பேனாவும் நின்றது.